இலைக்குள் ஒரு வளவு

வகுப்பில் எல்லோரும் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடித் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். என் தலைப்பு காத்தான்குடியில், எங்கள் வீட்டு வளவின் பின்பக்கத்தில், தேசி மரத்து இலையைத் தின்றுகொண்டிருந்தது.

தேசி மரத்தின், அதுதான் எலுமிச்சையின், கொழுந்து இலையில் வெள்ளிக் கோடு ஒன்று வளைந்து வளைந்து போயிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மரத்துக்கு நோய் என்று நினைத்துக் கிள்ளி எறிந்தும் இருப்பீர்கள். நோயும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இலையின் தோலுக்கடியில் படுத்துக்கொண்டு ஒரு புழு தின்றபடியே போன பாதை அது. எள்ளளவே இருக்கும் அந்துப்பூச்சி ஒன்று போட்ட முட்டையிலிருந்து வந்த பிள்ளை. அந்த இலைதான் அதற்கு வீடு, அதுதான் சோறு. வளர்ந்து, இலையோரத்தை மடித்துக் கூடு கட்டும்வரை அது வெளியே தலை காட்டாது. பக்கத்து இலை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் நடந்து போக அதற்குக் கால் கிடையாது.

ஒரே இலையில் இரண்டு புழு இருந்தால் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். மற்றது ஏன் சாகிறது? இலை இருவருக்கும் போதாமல் பட்டினியில் சாகிறதா, கூட இருக்கிறது கடித்துக் கொல்கிறதா? எங்கள் விரிவுரையாளர் உதயரூபன் சேர் இதை இரண்டே சொல்லில் கேட்டார்.

"பசியா, பகையா?"

"பசி, சேர்," என்றேன் நான், கேட்டு முடிப்பதற்குள்.

"அவ்வளவு உறுதியா?"

"ஒரு உம்மாட புள்ளைகள், சேர். ஒண்ட ஒண்டு ஏன் கொல்லுது?"

"ஒரு தாய்ட பிள்ளைகள் எண்டு ஆர் சொன்னது உங்களுக்கு?"

"ஒரு இலையிலதானே சேர் இரிக்கு!"

வகுப்பு விழித்தது. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே பிடிபடவில்லை. சேருக்கு மட்டும் உடனே பிடிபட்டுவிட்டது. அவர் எங்களுக்குப் பக்கத்து ஊரான நாவற்குடாக்காரர். சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அஸ்மியா, அது இலை. வளவு இல்ல."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. எந்த அந்துப்பூச்சியும் வந்து எந்த இலையிலும் முட்டை போடலாம். ஒரே இலையில் இருப்பவை ஊரார் வீட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம். இது எனக்குத் தோன்றாமல் போனதற்குக் காரணம் எங்கள் ஊர். எங்கள் பக்கத்தில் ஒரு வளவு என்றால் ஒரு உம்மாவின் பெண் பிள்ளைகள். மூத்தவள் கலியாணம் முடித்தால் இருக்கிற வீடு அவளுக்கு. வாப்பாவும் உம்மாவும் அடுத்த குமர்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதே வளவுக்குள் இன்னொரு வீடு கட்டிப் போவார்கள். அவளுக்குக் கலியாணமானால் அந்த வீடு அவளுக்கு. மாப்பிள்ளைமார்தான் வெளியிலிருந்து வருவார்கள். பெண்கள் பிறந்த மண்ணை விட்டு அசைய மாட்டார்கள். இப்படி வளர்ந்தவளிடம் ஒரு இலையைக் காட்டினால் அவள் வேறு எப்படி நினைப்பாள்?

சரி, ஒரு தாயின் பிள்ளைகளையே வைத்துக் காட்டுகிறேன், பசிதான் என்று காட்டுகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இதைக் காட்டியே ஆகவேண்டும் என்று எனக்கு ஏன் அவ்வளவு வெறி என்றால், அதற்கு வீட்டுக்குள் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் றுமானா. என் ராத்தா, எனக்கு மூத்தவள்.

றுமானாவுக்குக் கலியாணமானதும் வீடு அவள் பேருக்கு மாறிவிட்டது. முறைப்படி வாப்பாவும் உம்மாவும் நானும் அப்போதே வெளியேறியிருக்க வேண்டும். கலியாணச் செலவோடு வாப்பாவின் துணிக்கடை படுத்துவிட்டதால் என் வீட்டுக்கு அத்திவாரம்கூட விழவில்லை. ஆகவே ராத்தாவின் வீட்டில் நாங்கள் விருந்தாளிகள், விருந்து முடிந்தும் போகாத விருந்தாளிகள். ஓர் அறையில் ராத்தாவும் மச்சான் றிஷாட்டும். மற்ற அறையில் உம்மாவும் வாப்பாவும். நானும் ராத்தாவின் தையல் மெஷினும் நடுக் கூடத்தில். இப்போது அவள் வயிற்றில் ஒரு பிள்ளை வேறு. காலையில் குளியலறைக் கதவுக்கு முன்னால் நாங்கள் இருவரும் போடும் சத்தம் ஆத்தங்கரை வரைக்கும் கேட்கும்.

கடை கொஞ்சம் எழும்பியதும் வாப்பா என் வீட்டுக்குக் கல் வைக்க மேசனைப் பிடித்துவிட்டார். இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். தேசி மரம் நிற்கிற இடம்.

"மாரி முடிஞ்சு மரம் இப்பதான் கொழுந்து விட்டிரிக்கு வாப்பா. இந்தக் கொழுந்து முத்தும்வரைக்கும் பொறுங்க. இளம் இலையிலதான் அந்தப் புழு இரிக்கும்," என்றேன்.

"புழுவுக்காகவா மனே வீட்டப் பிந்திப் போடுற?" என்றார் வாப்பா. ஆனாலும் பொறுத்தார். அவருக்கு மகள் கம்பஸில் படிப்பதில் பெருமை.

பொறுக்காதவள் ராத்தாதான். "எப்ப முடியும்? எப்பகா முடியும்?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், எப்போது நீ என் வீட்டை விட்டுப் போவாய் என்றுதான் எனக்குக் கேட்டது. கூடப் பிறந்தவளுக்கு இடம் போதாமல் போகலாம், ஆனால் கூடப் பிறந்தவள் பகையாளி ஆக மாட்டாள் என்று நான் நம்ப விரும்பினேன். புழுக்களாவது அதை எனக்குச் சொல்லட்டும் என்று நினைத்தேன். விஞ்ஞானம் படிப்பவள் இப்படி நினைக்கக் கூடாதுதான். நினைத்தேன்.

குறை சொல்லக் கூடாது, பைகளைத் தைத்துத் தந்தவளும் அவள்தான். அவளுடைய கலியாணச் சல்லாத் துணியில் மிஞ்சிய துண்டுகளில், ஓரத்தில் நாடா வைத்து, சின்னச் சின்னப் பைகள். ஒவ்வொரு கொழுந்துக்கும் ஒரு பையைக் கட்டி, உள்ளே ஒரே ஒரு சோடி அந்துப்பூச்சியை விட்டு, முட்டை போட்டதும் தாயையும் தகப்பனையும் வெளியேற்றினேன். ஓர் இலைக்கு இரண்டு முட்டை மட்டும், அதுவும் நடு நரம்பை அவை தாண்டாது என்பதால் அதற்கு ஒரே பக்கத்தில் இருக்கும்படி விட்டுவிட்டு மற்றதை ஊசியால் எடுத்தேன். இனி எந்த இலையைக் காட்டினாலும் அதில் இருப்பவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள். உதயரூபன் சேர் என்ன, யார் வந்தாலும் வாய் திறக்க ஏலாது.

முட்டைகள் பொரித்தன. முதலில் பொரித்தது எப்போதும் ஒரு படி பெரிதாக இருந்தது. கோடுகள் நீண்டன. நான் காலையும் பின்னேரமும் பூதக்கண்ணாடியோடு மரத்தடியில். ராத்தா கிணற்றடிக்கு உடுப்புத் தோய்க்க வந்தால் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள். முதலில் சும்மா பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பறித்துப் பார்த்தாள். பிறகு நான் எழும்ப முன்னமே மரத்தடியில் நின்றாள்.

"இந்தப் பெரிசு ஏங்கா சின்னதுட பக்கமே போகுது? அங்கால இவ்வளவு எடம் கிடக்கே," என்றாள் ஒருநாள்.

"அதுக்குக் கண் தெரியா ராத்தா. முன்னால இரிக்கிறதத் திண்டுக்கிட்டுப் போகும்."

"கிறுகித் திரும்பிப் போனா என்ன? கிறுகத் தெரியாதா அதுக்கு?"

"நீங்களே சொல்லிப் பாருங்க."

அவள் சிரிக்கவில்லை. இலையை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்தக் கிழமையில் சில இலைகளில் சின்னது செத்துக் கிடந்தது. செத்த பிறகுதான் நான் பார்த்தேன். இரண்டு கோடுகளும் முட்டியிருந்தன, சின்னது சுருங்கியிருந்தது. அது பட்டினியில் சுருங்கியதா, கடிபட்டுச் சுருங்கியதா என்று செத்த உடம்பை வைத்துச் சொல்ல ஏலாது. பெரிசு சின்னதின் பங்கைத் தின்றுவிட்டது, சின்னதுக்குச் சோறு இல்லை, ஆகவே பசி என்று நான் அடித்துச் சொன்னேன். சேர் ஒத்துக்கொள்ளவில்லை. "இலை போதுமா போதாதா எண்டு தெரியாம எப்படிப் பசி எண்டுவீங்க? அதக் காட்டுங்க முதல்ல," என்றார்.

எப்படிக் காட்டுவது? கம்பஸிலிருந்து வரும் பஸ்ஸில், ஏறாவூர் தாண்டி, பாலம் தாண்டி, ஊர் வரும்வரை யோசித்தேன். ஒரே இலையில் இரண்டையும் வைக்க வேண்டும், ஆனால் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. இரண்டு புழுவுக்கும் நடுவில் போய் நான் நிற்கவா ஏலும்? இன்னும் சந்திக்காத சோடிகள் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தன. கொழுந்து முத்திக்கொண்டு வந்தது. மேசன் வேறு கோடு போட நூலோடு வந்து நின்றுவிட்டுப் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் மரத்தடிக்குப் போனேன். கிணற்றுப் பக்கக் கிளையில் ஒரு பையின் நாடா அவிழ்ந்திருந்தது. திறந்து பார்த்தேன். இலை வெட்டப்பட்டிருந்தது.

கிழிந்ததல்ல, ஆடு கடித்ததல்ல. ஓரத்திலிருந்து நடு நரம்பு வரைக்கும், இரண்டு புழுக்களுக்கும் நடுவால், பிளேட்டால் போட்ட நேரான வெட்டு. எங்கள் வீட்டில் பிளேட்டை அவ்வளவு நேராக இழுக்கும் கை ஒன்றுதான்.

"ராத்தா!"

அவள் மெஷினில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினாள்.

"என்னத்துக்கு வெட்டின நீ?" அவளை நான் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"அஸ்மி, கொஞ்சம் கேளு..."

"என்னத்தக் கேட்கிற? ஆய்வு கெட்டாத்தான் மரம் விழும், மரம் விழுந்தாத்தான் நாங்க போவம், அதானே? இவ்வளவு அவசரமா உனக்கு எங்களத் துரத்துறத்துக்கு? வாயத் திறந்து சொல்லியிரிக்கலாமே. ஒரு புழுவுட வயித்துல அடிக்கணுமா?"

உம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். ராத்தா கையைக் காட்டி அவரை நிற்பாட்டினாள். என்னையே பார்த்தாள். அவளுக்கும் கோபம் வரும் என்று நினைத்துத்தான் நான் வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. அவள் குரல் சிறுத்துப்போயிருந்தது.

"பெரிசு கிட்டப் போயிட்டுகா. ஒரு மயிரிழைதான் மிச்சம். நீ இல்ல. எனக்குப் பாத்துக்கிட்டு நிக்க ஏலல்ல. அதான் வளவப் பிரிச்சு உட்டன்."

"என்னது?"

"ரெண்டா பிரிச்சன். நரம்ப வெட்டல்ல. தண்ணி வாற வழிய வெட்டினா ரெண்டும் செத்துடும்தானே. கிணறு மாதிரி அதப் பொதுவா உட்டுட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அவள் நிறுத்தவில்லை.

"நாந்தானேகா பெரிசு. நீதானே சின்னது. ஒவ்வொரு நாளும் காலையில குளிக்கிற அறைக் கதவத் தட்டக்குள்ள எனக்கு உன்னக் கண்டாலே எரியிது. நீ படுத்துக் கிடக்கிற பாய மிதிச்சுக்கிட்டுப் போகணும் போல இரிக்கு. முந்தி அப்படியா நான்? நான்தானே உன்னத் தூக்கி வளத்த. இன்னும் ஒரு வருஷம் இப்படிப் போனா நான் உன்ன வெறுத்துடுவன் அஸ்மி. அதுக்குத்தான் கெதியா வீட்டக் கட்டச் சொல்லி வாப்பாட உசிர எடுத்தன். உன்னத் துரத்துறத்துக்கில்ல."

மெஷினின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தடவினேன். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் இருவருக்கும் கிடையாது. தடவினால் கேட்டது மாதிரி.

அப்படித் தடவிக்கொண்டிருக்கும்போதே என் தலைக்குள் ஒன்று சுளீரென்றது. கையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். "எங்ககா ஓடுற?" என்று ராத்தா மூக்கைச் சிந்திக்கொண்டே பின்னால் வந்தாள்.

வெட்டின இலையைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்தேன். பெரிசு வெட்டு விளிம்பு வரைக்கும் வந்து முட்டி, தலையை அசைத்துப் பார்த்து, கிறுகி, வந்த வழிக்குப் பக்கத்தால் தின்னத் தொடங்கியிருந்தது. சின்னது அந்தப் பக்கம், ஒன்றும் அறியாமல், தன் துண்டில். ஒரே இலை. ஒரே சோறு. தொட மட்டும் வழி இல்லை. சேர் கேட்டது இதைத்தானே! பஸ்ஸில் மண்டையை உடைத்துக்கொண்டேனே, இதற்குத்தானே! இலை போதாவிட்டால் வெட்டினாலும் ஒன்று சாகத்தான் வேண்டும். இரண்டும் பிழைத்தால் இலை போதும், கொல்வது பசி இல்லை.

"ராத்தா, பிளேட்டக் கொண்டு வாங்க."

"ஏன்?"

"இன்னும் வளவு பிரிக்கணும்."

மிச்சமிருந்த சோடிகளில் பாதியை அவளே பிரித்தாள். நான் இலையைப் பிடித்துக் கொடுத்தேன், அவள் பிளேட்டை இழுத்தாள். மற்றப் பாதியைத் தொடாமல் விட்டேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது என்று விளங்கப்படுத்தினேன். "உன்ட படிப்புக்கு ஈரல் இரக்கம் ஒண்டும் இல்ல," என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள்.

தொடாமல் விட்ட இலை ஒன்றில் அந்தச் சந்திப்பை நான் கண்ணால் கண்டேன். வெயில் ஏறுகிற நேரம். பெரிசின் பாதை சின்னதின் பாதைக்குள் உடைத்துக்கொண்டு போனது. இரண்டும் ஒரு நொடி அசையவில்லை. பிறகு பெரிசு தன் தட்டைத் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டியது, இலையை அறுப்பது போலவே. சின்னது ஒரு தரம் வளைந்தது. அதன் உடம்பிலிருந்த நீர் பாதைக்குள் பரவியது. பெரிசு அதைத் தின்னக்கூட இல்லை. அதைத் தாண்டி, பச்சை இருந்த பக்கம் போய்விட்டது.

"முடிஞ்சா?" என்றாள் ராத்தா. அவள் மறுபக்கம் திரும்பி நின்றாள்.

"முடிஞ்சு."

நான் நம்ப விரும்பியது என் கண் முன்னால் செத்துப்போயிற்று. ஆனால் ஒன்று சொல்கிறேன், என் வாழ்க்கையில் ஒரு விஷயம் அவ்வளவு தெளிவாக எனக்குத் தெரிந்ததும் அப்போதுதான். கவலையும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வரும் என்பதை அந்த மரத்தடியில்தான் கண்டேன்.

பிரித்த இலைகளில் அநேகமாக எல்லாப் புழுக்களும் பிழைத்தன. ஒவ்வொன்றும் தன் துண்டின் ஓரத்தை மடித்து, உள்ளே பட்டுப் போல் நூற்றுக் கூடு கட்டியது. கூடுகள் கொஞ்சம் சிறியவை, அவ்வளவுதான். பிரிக்காத இலைகளில் ஒன்று ஒன்றுதான் மிஞ்சியது.

உதயரூபன் சேர் நான் எடுத்திருந்த இலைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு தரம் பார்த்தார். "இப்ப சொல்லுங்க அஸ்மியா. பசியா, பகையா?"

"பகை, சேர். நான் சொன்னது பிழை. ஒரு வயித்துப் புள்ளைகளெண்டாலும் முட்டினா ஒண்டு மத்தத அடிக்கும். இலை ரெண்டு பேருக்கும் போதும். கொஞ்சம் சின்னதா வளருவாங்க, ஆனா காணும். இடைக்குள்ள ஒரு வெட்டு இரிந்தா ரெண்டும் உசிரோட இரிக்கும்."

"இந்த வெட்டு... ஆர்ட யோசனை?"

"எங்கட ராத்தாட, சேர். அவ ஆய்வுக்கு வெட்டல்ல. வளவப் பிரிச்சவ."

இந்தத் தரம் அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "எங்கட அக்காவோட நான் கதைச்சுக் கன காலம்," என்றார். பிறகு, ஆய்வை எழுதத் தொடங்கும்படி சொன்னார்.

நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் கருத்துத் தோற்றது, என் ஆய்வு வென்றது. இப்படி வெல்வதற்கு எத்தனை பேருக்குக் கொடுத்து வைக்கும்? வாப்பா அஸர் தொழுதுவிட்டு வாசலில் இருந்தார்.

"வாப்பா, மேசனை வரச் சொல்லுங்க. மரத்த வெட்டலாம்."

"முடிஞ்சிட்டா மனே?"

"எல்லாம் முடிஞ்சிட்டு. நாளைக்கே கல்லு வைக்கலாம். நடுவுல மதிலையும் சேத்துக் கட்டச் சொல்லுங்க."

கூடத்தில் மெஷின் சத்தம் நின்றது. ராத்தா வாசலுக்கு வந்தாள்.

"நாளைக்கா? நாளைக்கு என்னத்துக்குகா?"

"நீங்கதானே ராத்தா கெதியா, கெதியா எண்ட."

"ஓம், சொன்னன்தான். அதுக்காக நாளைக்கா? ஈர மண்ணுல கல்லு வைக்கிறதா? புள்ள பொறக்கட்டுமே. நாப்பது நாள் கழியட்டுமே. மறுகா பாத்துக்கலாம்தானே."

வாப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நேத்து வரைக்கும் என்ட காத அறுத்தவ நீதானே மனே?"

ராத்தா படியில் உட்கார்ந்தாள். அடுத்த நொடி, சின்னப் பிள்ளை போல் வாய் விட்டு அழத் தொடங்கினாள்.

"இவ அங்கால போனா நான் யாரோடகா சண்ட புடிக்கிற?"

நான் அவள் பக்கத்தில், அந்த ஒற்றைப் படியில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மதிலுக்கு மேலால புடிப்பம் ராத்தா," என்றேன். "இன்னும் சத்தமா."